சிவப்புத் திரையும் இருபத்து மூன்று வீடுகளும்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் சாலையில், மருந்துக் கடைக்கும் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்கும் நடுவில், எட்டுக்குப் பத்தடியில் ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகையில் எழுதியிருக்கும். ஊரில் அதற்குப் பெயர் மனுக் கடை. இருபத்திரண்டு வருடமாக அதை நடத்துகிறவள் ஜஹீரா.

குரோம்பேட்டையில் தட்டச்சு படித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் தேறியவள். அவள் கணவர் அப்துல் கஃபார் பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுவதுபோலத் தோல் வெட்டுகிறவர். காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவார். பிள்ளை இல்லை. இல்லாத பிள்ளைக்காகச் சொந்தக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஓதிய தண்ணீரும் தாயத்தும் கொண்டுவந்தார்கள். ஜஹீரா எதையும் கட்டிக்கொள்ளவில்லை. “கட்டினா நடக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா தாயத்துக் குடுத்தவரு?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் கொண்டுவரவில்லை.

மனு எழுதுகிறவளிடம் ஊரின் வயிற்றெரிச்சல் எல்லாம் வந்து சேரும். சாக்கடை, தெருவிளக்கு, முதியோர் பணம், பட்டா, சாதிச் சான்று. எதை எழுதினாலும் ஜஹீராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனு போய்ச் சேர்ந்ததும் அலுவலகத்தில் தரும் குறிப்பு எண்ணை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வாள். ஆறு மாதம் கழித்து அந்த மனுவைப் பற்றிக் கேட்கப் போகிறவர் பெயரைச் சொன்னால் அங்கே ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எண்ணைச் சொன்னால் பார்ப்பார்கள். அலுவலகத்துக்கு மனிதரைத் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வெயிலில் வரிசையில் நின்று கற்றாள். “நம்பர் இல்லாத பேப்பர் குப்பை” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஏரிக்கரைத் தெருவின் முப்பத்து நான்கு வீடுகள் அவளிடம் வந்தது இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில். ஏரி உடைத்துக்கொண்டு வந்து மூன்று நாள் வீட்டுக்குள் நின்றுவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்த நாலாம் நாள், தலையில் மீன் கூடை சுமக்கிற முத்தாலம்மாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு கடைக்கு வந்தாள். பைக்குள் பழைய ரேஷன் கார்டு, பஞ்சாயத்து வீட்டு வரி ரசீதுகள், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, செத்துப்போன கணவர் மாணிக்கவேலின் கட்டடத் தொழிலாளர் அட்டை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறவைத்த அப்பளம்போல் இருந்தன.

“இத்த எப்டியாச்சும் காப்பாத்திக் குடு ஜகிரா. இது இல்லன்னா நான் இங்க பொறந்தவளே இல்லன்னுடுவானுங்க.”

ஜஹீரா காகிதங்களைப் பிரித்தாள். கடைக்குள் குறுக்கே கயிறு கட்டி, துணி கிளிப்பில் தொங்கவிட்டாள். அரைகுறையாக உலர்ந்ததும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டாள். நிமிர்ந்த ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்தாள். செய்தி பரவித் தெருவே வந்தது. பதினோரு நாள் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. ‘ஏரிக்கரை’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் வீட்டுக்கு ஒன்றாக முப்பத்து நான்கு.

நல்லதாகப் போயிற்று. எட்டு வருடம் கழித்து வந்த புயல் வெள்ளம், மிச்சமிருந்த அசல்களையும் தின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தெரு இருபது, முப்பது வருடமாக அங்கே இருக்கிறது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி ஜஹீராவின் கம்ப்யூட்டர்.

சேலையூரில் லேப்டாப் பழுது பார்க்கும் ஜாய்சன்தான் அவளுடைய இயந்திரங்களையும் பார்த்துக்கொள்கிறவன். அவன் பலமுறை சொல்லியிருந்தான். “அக்கா, இன்னொரு காப்பி எடுத்து நெட்ல போட்டு வெச்சுக்கங்க.”

“ஊர் சனத்தோட ஆதாரையும் கைரேகையையும் எவனோ வெச்சிருக்கிற மெஷின்ல நான் எதுக்கு ஜாய்சன் போடணும்? என்னை நம்பிக் குடுத்தாங்க. எங்கிட்டதான் இருக்கும்.”

பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. அது போன கோடையில் கெட்டுப்போனது. வேறு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வருடம் ஆடியில் ஏரிக்கரைத் தெருவுக்கு நோட்டீஸ் வந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு. இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்ததற்கு ஆவணம் காட்டுகிறவர்களுக்கு மாற்று வீடு கிடைக்கும். காட்டாதவர்கள் காலி செய்ய வேண்டும். அதே ஏரியின் தென்கரையில் ஏழு மாடி எழுப்பி, மதில் கட்டி, வாசலில் செயற்கை நீரூற்று வைத்தவர்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. அவர்கள் கட்டியது வேறு ஏரியில் போலும்.

ஆவணங்களை ஆன்லைனில்தான் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை கடைசி நாள். ஒரு கோப்பு அரை எம்பிக்கு மேல் இருந்தால் அந்தத் தளம் வாங்காது. ஜஹீராவின் ஸ்கேன் ஒவ்வொன்றும் மூன்று எம்பி, நான்கு எம்பி. ஆகவே ஒவ்வொன்றையும் இலவசமாகச் சுருக்கித் தரும் ஒரு தளத்தில் போட்டுச் சுருக்கி, பிறகு ஏற்ற வேண்டும். புதன்கிழமை இரவுக்குள் பதினோரு வீடு முடிந்தது. முத்தாலம்மாளின் பெயர் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தது. அவள்தான் மாற்றச் சொன்னாள்.

“மொதல்ல அந்த வெண்ணிலாவுக்குப் பண்ணு. கைக்கொழந்தய வெச்சிகினு கீது. என்னுத கடசீல போடு. நான் எங்க ஓடிப்போவப்போறேன்?”

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. முத்தாலம்மாள் வியாபாரம் முடித்து, காலிக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது வீட்டின் கோப்பை ஜஹீரா எடுத்தாள். வழக்கமான சுருக்கும் தளம் அன்று சுற்றிக்கொண்டே இருந்தது. தேடியபோது மேலே வந்த வேறொன்றைத் திறந்தாள். ‘அனுமதி’ கேட்டு ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை எதையாவது அனுமதிக்கிற விரல் அதையும் அழுத்தியது.

திரை முழுக்கச் சிவப்பாயிற்று. ஸ்பீக்கரில் சைரன் அலறியது. நடுநடுவே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் எச்சரித்தது. மூலையில் ஐந்து நிமிடம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. திரையில் இருந்த இங்கிலீஷை, தொழில் பழக்கத்தில், ஜஹீராவின் மனம் படிக்கும்போதே மனுத் தமிழாக்கிக்கொண்டது. தங்கள் கணினி வைரஸ் தாக்குதலுக்கு உள்ளாகியுள்ளது. குறிப்பு எண் இன்னது. கணினியை அணைத்தால் அனைத்துக் கோப்புகளும் அழிக்கப்படும். கீழ்க்கண்ட எண்ணை உடனடியாகத் தொடர்புகொள்ளத் தவறும் பட்சத்தில் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்.

“இன்னா இது, ஆம்புலன்சு மாரி கத்துது?” என்றாள் முத்தாலம்மாள். “பக்கத்துக் கடைக்காரன்லாம் எட்டிப் பாக்கறான் பாரு. அணைச்சுத் தொல அத்த.”

“அணைச்சா எல்லாப் பேப்பரும் அழிஞ்சிடும்னு போட்டிருக்கு அக்கா.”

“யாரு போட்டது?”

கேட்க வேண்டிய ஒரே கேள்வி அது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மீன்காரி அதைக் கேட்டாள். “கம்ப்யூட்டரே சொல்லுது அக்கா” என்றாள் ஜஹீரா.

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் சுவிட்சைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். மீண்டும் போட்டால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்திருக்கும். தன் சொந்தக் கோப்பு மட்டும் உள்ளே இருந்திருந்தால் ஜஹீராவும் அதைத்தான் செய்திருப்பாள். முப்பத்து நான்கு வீடு உள்ளே இருந்தது. அவள் கை சுவிட்சுக்குப் போகவில்லை. நீள நோட்டை எடுத்தாள். தேதி போட்டாள். திரையில் இருந்த குறிப்பு எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். இங்கிலீஷ். தமிழ் என்றதும் நொடியில் ஒரு தமிழ்க் குரல்.

“சொல்லுங்க மேடம். பயப்படாதீங்க. சரியான நேரத்துக்குக் கூப்பிட்டீங்க. ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கா மேடம்?”

இருபத்திரண்டு வருடத்தில் எந்த அலுவலகமும் முதல் மணியில் அவளுடைய போனை எடுத்ததில்லை. எடுத்தவர் மேடம் என்றதில்லை. சந்தேகப்பட அது ஒன்றே போதும். ஆனால், மரியாதையே காணாதவர்களுக்கு மரியாதைதான் தூண்டில் புழு. ஜஹீரா எண்ணைப் படித்தாள். அவன் திருப்பிச் சொன்னான். ஒரு இலக்கம் பிசகவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

அவன் ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னான். இறக்கினாள். அதில் தெரிந்த ஒன்பது இலக்கத்தைக் கேட்டான். சொன்னாள். சைரன் நின்றது. திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது.

“யம்மாடி,” என்று முத்தாலம்மாள் ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்தாள். “அது பாட்டுக்குப் போவுது பாரு. பேய் புடிச்ச மாரி.”

“பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆபீஸ்லேர்ந்து சரி பண்றாங்க.”

அவன் ஏதோ ஒரு நீண்ட பட்டியலைத் திறந்து காட்டினான். சிவப்புக் குறி, மஞ்சள் குறி, வரிசை வரிசையாக. ஒவ்வொன்றும் ஒரு வைரஸ் என்றான். ஆயிரத்து இருநூறு இருக்கிறது என்றான். எல்லாவற்றையும் துடைத்து, ஆயுசுக்கும் பாதுகாப்புப் போட்டுத் தர பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்றான்.

பணம் என்ற சொல் வந்ததும் ஜஹீராவுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. பேனாவைத் திறக்கக் காசு கேட்கிறவர்கள் மேல் நூறு மனு எழுதியவள் அவள். அந்தத் தொனி அவளுக்குப் பாடம்.

“உங்க பேரு, டெசிக்னேஷன் சொல்லுங்க. எந்த ஆபீஸ்? ரசீது தருவீங்களா?”

“ரசீது மெயில்ல வரும் மேடம்.”

“மொதல்ல மெயில் வரட்டும்.”

“டைம் இல்ல ஆன்ட்டி. வைரஸ் பரவிட்டே இருக்கு.”

“பதினஞ்சாயிரம் குடுத்தா நின்னுடுமா? காசு வாங்கிட்டு நிக்கிற வைரஸ் என்ன வைரஸ் தம்பி?”

அம்புக்குறி அலைந்தது. ‘ஏரிக்கரை’க்கு மேல் வந்து நின்று, அதைத் திறந்தது.

“இது என்ன ஃபைல்?”

“அதுல கை வைக்காதீங்க. ஏழைங்க பேப்பர். அது போனா அவங்க வீடு போயிடும்.”

சொல்லியிருக்கக் கூடாது. வலி எங்கே என்று அவளே காட்டிக்கொடுத்தாள்.

“அப்போ கட்டு,” என்றான் அவன். மேடமும் ஆன்ட்டியும் போய்விட்டன. 

“மாட்டேன். லஞ்சம் கேக்கறவன்கிட்ட நான் இதுவரைக்கும் குடுத்ததில்ல.”

முப்பத்து நான்கு கோப்புறைகளும் ஒரே சமயத்தில் தேர்வாகி நீலமாயின. ஜஹீரா பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். மேசைக்கு அடியில் யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. மின்சாரம் போனாலும் அரை மணி நேரம் தாங்கும் என்று சொல்லி வாங்கிய யூபிஎஸ். இணையப் பெட்டியும் அதிலேயேதான் செருகியிருந்தது. திரை அணையவில்லை. அம்புக்குறி நகர்ந்தது. நிரந்தரமாக நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்டது. எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் ஆம் என்றான். அவள் மண்டியிட்டு, மேசைக் கால்களுக்கு நடுவே துழாவி, யூபிஎஸ் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தியபோது கடை நிசப்தமாக இருந்தது. போனையும் அவன் வைத்துவிட்டிருந்தான்.

முத்தாலம்மாள் எழுந்து நின்றிருந்தாள். “இன்னா ஆச்சு? சொல்லு.”

ஜஹீரா தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜாய்சன் அன்று மாலையே வந்தான். இரவெல்லாம் என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டு, காலையில் கண் சிவக்கச் சொன்னான்.

“ஒண்ணும் வரல அக்கா. பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா தோண்டி எடுத்திருக்கலாம். போன வருஷம் ஸ்லோவா இருக்குன்னு புது டிரைவ் போட்டோமில்ல? அதுல அழிச்சா அதுவே சுத்தமாத் தொடைச்சிடும்.”

“அந்த வைரஸ்?”

“வைரஸே கிடையாது. மொதல்லேர்ந்து எதுவுமே கிடையாது. அது வெறும் ஒரு வெப் பேஜ். செவுத்துல ‘இந்த வீடு எரியுது’ன்னு எவனாவது போஸ்டர் ஒட்டினா வீடு எரியுமா? அந்த மாதிரி. பிரவுசரை மூடியிருந்தா போயிருக்கும். இல்ல சுவிட்சை அமத்தியிருந்தாலும் போயிருக்கும்.”

“அவன் காட்டின லிஸ்ட்டு?”

“அது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும். தும்மினா, இருமினா எழுதி வெச்சுக்கிற டைரி. இதோ என் மெஷின்ல பாருங்க, உங்களுதைவிட ஜாஸ்தி.”

ஜஹீரா பார்த்தாள். உண்மைதான். ஜாஸ்தியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காவல் நிலையத்துக்குப் போனாள். புகாரை அவளே டைப் செய்து எடுத்துப்போயிருந்தாள். எழுத்தர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “எவ்ளோ போச்சு?” என்றார்.

“பணம் போகல சார். நான் குடுக்கல.”

“அப்போ நீங்க ஏமாறலையே. உஷாரா தப்பிச்சிருக்கீங்க. நல்லதுதானே?”

“சார், இருபத்து மூணு குடும்பத்தோட ஆவணம் அழிஞ்சிருக்கு.”

“அதுக்கு மதிப்பு என்னன்னு போடுவீங்க? எதாவது ஒரு தொகை போட்டாதான் மேல அனுப்ப முடியும்.”

வெளியே வந்தாள். பறிபோனது பணமாக இருந்தால்தான் அது திருட்டு. ஏழையின் இருப்புக்கு விலை இல்லை. விலை இல்லாததைத் திருடியவனுக்குச் சட்டத்தில் பெயரும் இல்லை.

கடை திறந்தபோது பக்கத்து ஜாதகக் கடை லக்ஷ்மிநாராயணன் அனுதாபத்தோடு வந்து நின்றார். “வருத்தப்படாதம்மா. கேது சரியில்லாத காலம். இந்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாமே கேதுவோட ஆதிக்கம்தான். இப்பவே ஒரு சின்னப் பரிகாரம் பண்ணிட்டா, இதோட போயிடும். இல்லன்னா மேல மேல வரும்.”

“சார், அவனும் இதே வார்த்தையத்தான் சொன்னான்,” என்றாள் ஜஹீரா. “இல்லாத ஒண்ணைக் காட்டி மொதல்ல பயமுறுத்தினான். அப்புறம் ரேட்டு சொன்னான். உங்க ரேட்டு என்ன?”

அவர் முகம் சுருங்கித் தன் கடைக்குள் போய்விட்டார். அவரிடம் சண்டை போட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைத் தெருவுக்குப் போய், இருபத்து மூன்று வாசலிலும் நின்று, ஒரே வார்த்தைகளை இருபத்து மூன்று தடவை சொன்னாள். சிலர் அழுதார்கள். சிலர் கத்தினார்கள். பாலு என்ற பெயிண்டர், “எவன்கிட்ட எவ்ளோ வாங்கின?” என்று கேட்டான். அவன் தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. முத்தாலம்மாள் கடைசி வீடு. அவளிடம் சொல்வதற்குப் புதிதாக எதுவுமில்லை. அவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள்.

“நான் அப்பவே அணைன்னேன்,” என்றாள் முத்தாலம்மாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜஹீரா கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, நினைவிலிருந்து எழுதினாள். எந்த வீட்டின் ரேஷன் கார்டில் எந்த வருட முத்திரை, எந்த ரசீதில் எந்தத் தலைவர் கையெழுத்து, எந்தச் சான்றிதழின் மூலை கிழிந்திருந்தது. அவள் இஸ்திரி போட்ட காகிதங்கள் அவை. ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் விரிந்தன. பத்தொன்பது பக்கம் வந்தது. முத்திரைத்தாள் வாங்கி, இவற்றையெல்லாம் நான் பார்த்தேன், நகல் எடுத்தேன், என் தவறால் இழந்தேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டாள். அப்துல் கஃபார் பார்த்துக்கொண்டே இருந்தார். “உம்மேலயே கேஸ் போட்டாலும் போடுவாங்க” என்றார். “போடட்டும்” என்றாள்.

திங்கட்கிழமை ஏரிக்கரைத் தெரு ஆவணங்கள் மீது விசாரணை. அதிகாரி இளைஞர், மேசையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு லேப்டாப்பும். பதினோரு பெயரை வாசித்து, ஆவணம் சரி என்றார். மீதிப் பேரிடம் ஆவணம் எங்கே என்றார். ஜஹீரா எழுந்து உறுதிமொழியை நீட்டினாள்.

“நீங்க மனுதாரரா?”

“இல்ல சார். டைப் பண்றவ.”

“அங்க உங்களுக்கு வீடு இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ உங்களுக்கு இதுல என்ன?” பக்கங்களைப் புரட்டினார். வைரஸ் என்ற இடத்தில் நின்றார். உதட்டோரம் சிரித்தார். “இது ஸ்கூல் பசங்க ஹோம் ஒர்க் செய்யலன்னா சொல்றதும்மா.”

“சார், அந்த ரேஷன் கார்டு எல்லாம் நீங்க குடுத்தது. வரி ரசீது நீங்க போட்டது. வீட்டுக்குக் கரண்ட் நீங்க இழுத்தது. முப்பது வருஷமா ஓட்டு வாங்கினதும் இவங்ககிட்டதான். இவங்க இங்க இருக்காங்கன்னு உங்க ஒரு ஆபீஸ்லகூடவா எழுதி வெக்கல? நீங்க குடுத்த காயிதத்தை நீங்களே தொலைச்சிட்டு, வெள்ளத்துல தொலைச்சவங்களக் கேள்வி கேக்கறீங்க.”

“அதெல்லாம் வேற டிபார்ட்மென்ட்.” உறுதிமொழியைத் திருப்பிக் கொடுத்தார். “பார்த்தேன்னு சொல்றது ஆவணம் ஆகாது. அப்பீல் போறதுன்னா முப்பது நாள்.”

அப்பீல் போட்டாள். எண் கிடைத்தது. நோட்டில் எழுதினாள். அப்பீலுக்குப் பதில் வருவதற்கு முன்பே, புரட்டாசி நடுவில், இருபத்து மூன்று கதவிலும் காலி செய்யும் நோட்டீஸ் ஒட்டினார்கள். குறிப்பு எண் இருந்தது. கெடு இருந்தது. தவறும் பட்சத்தில் மேல்நடவடிக்கை இருந்தது. வெண்ணிலாவின் புருஷன் குணா அதைப் படித்துவிட்டு, “அக்கா, அன்னிக்கு வந்த மாதிரி இதுவும் டூப்பா இருக்குமா?” என்று கேட்டான். அவன் வீடு பதினொன்றில் ஒன்று, அவனுக்காகக் கேட்கவில்லை. ஜஹீரா கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தாள்.

“இல்ல குணா. இது நிஜம்.”

இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தின நாள் ஜஹீரா கடையைத் திறக்காமல் ஏரிக்கரைக்குப் போனாள். இடித்தால் எதுவும் மிஞ்சாது என்று தெருக்காரர்கள் தாங்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல், கதவு, தகரம், சிமென்ட் ஷீட். முத்தாலம்மாள் வீட்டு வாசலில் ஒரு மினி டெம்போ நின்றது. கட்டில், கேஸ் அடுப்பு, கவிழ்த்த மீன் கூடைகள், மாணிக்கவேலின் போட்டோ. குன்றத்தூர் பக்கம் மகள் வீட்டுக்குப் போகிறாள். மகளுக்கு இருப்பதே ஒரு அறை. அங்கிருந்து விடியற்காலையில் காசிமேடு போய், மீன் எடுத்து, இங்கே கொண்டுவந்து விற்பது நடக்காத காரியம். புது இடத்தில் புது வாடிக்கை பிடிக்க வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில்.

“அக்கா,” என்றாள் ஜஹீரா.

“உன்னத் திட்டி இன்னா ஆவப்போது?” முத்தாலம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் கயிற்றை இறுக்கினாள். “திட்டினா வூடு வந்துடுமா? ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. இனிமே எந்த மனுவுக்கும் நான் உங்கிட்ட வரமாட்டேன். அப்பீல்ல என் பேர எடுத்துடு. உம்மேல கோவம் இல்ல. எனக்கு மனசு வரல. அவ்ளோதான்.”

ஜஹீரா தலையசைத்தாள். ஒரு சிமென்ட் ஷீட் இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. முத்தாலம்மாள் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

“அந்தப் பக்கம் புடி,” என்றாள்.

இருவரும் தூக்கிக்கொண்டு போய் டெம்போவில் சாய்த்தார்கள். முத்தாலம்மாள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சேற்றில் இரண்டு தரம் உறுமிவிட்டுக் கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் பெயிண்டர் பாலு ஆட்டம் காணும் ஏணியில் நின்றுகொண்டு கூரைத் தகரத்தின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜஹீராவைப் பார்த்தான். கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.